மருமகளோடு ஒரே வகுப்பில்

நான் நன்றாகப் பேசுவேன். அருப்புக்கோட்டையில் தானியக் கடை வைத்துப் பிழைத்தவனுக்குப் பேச்சு வராமல் இருக்காது. போதாததற்கு, அந்தக் காலத்திலேயே மதுரையில் விடுதியில் தங்கி பி.காம். முடித்தவன். வியாபாரிகள் சங்கக் கூட்டமானாலும் கல்யாண வீடானாலும் என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டால் கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்வேன். அறுபது வயதைத் தாண்டிய பிறகு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மார்க்கெட்டிங்கும் சப்ளை செயினும் படித்தபோதும் அப்படித்தான் பேசினேன். அந்தப் பேச்சால் என் மருமகளுக்குக் கிடைக்க வேண்டிய வேலை கிடைக்காமல் போயிற்று. அதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

படிக்க வேண்டும் என்ற ஆசை முதலில் அவளுடையது. நரிக்குடியில் சின்ன மளிகைக் கடை வைத்திருப்பவரின் மகள் அவள். கணிதத்தில் பட்டம் வாங்கிய கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், மதுரையில் சனி, ஞாயிறுகளில் மட்டும் நடக்கும் எம்.பி.ஏ. வகுப்பில் சேர வேண்டும் என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. என் மனைவியிடம் கேட்டாள். மனைவி என்னிடம் சொன்னாள்.

எங்கள் வீட்டில் எல்லாம் அந்த வழியில்தான் நடக்கும். மருமகள் மாமனார் முன்னால் நாற்காலியில் உட்கார மாட்டாள். குரலை உயர்த்திப் பேச மாட்டாள். நான் கூடத்தில் இருந்தால் அவள் சுவரோரமாக நடந்து அடுப்படிக்குள் போய்விடுவாள். எனக்கு இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்பதாக இருந்தால், "மாமாவுக்கு டீ வேணுமான்னு கேளுங்க அத்தை" என்று என் மனைவியிடம் சொல்வாள். நான் மூன்று அடி தள்ளி உட்கார்ந்திருப்பேன். இதை யாரும் அவளுக்குச் சட்டமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. என் மனைவி என் அப்பாவிடம் அப்படி இருந்தாள். மருமகள் என்னிடம் அப்படி இருந்தாள். எனக்கு அது பிடித்தும் இருந்தது.

மகனுக்குத்தான் தயக்கம். கடையை இப்போது அவன்தான் பார்க்கிறான்.

"வாரம் ரெண்டு நாளு தனியா மதுரைக்குப் போய்ட்டு வரணும்ப்பா. திரும்பி வர இருட்டிரும். பஸ்ஸு கெடைக்கலைன்னா என்ன செய்ய? ஊரு என்ன பேசும்?"

"ஏலே, நான் எதுக்கு இருக்கேன்? நான் கூடப் போய்ட்டு வாரேன்" என்றேன்.

சேர்க்கைக்குப் போன அன்று அலுவலகத்தில் இருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வகுப்பு முடியிற வரைக்கும் வெளிய மரத்தடியில உக்காந்து என்ன சார் பண்ணப் போறீங்க? டிகிரி இருக்குல்ல? நீங்களும் சேந்துருங்க. வயசெல்லாம் நாங்க கேக்குறதில்ல." எனக்கு அந்த நிமிடமே ஆசை வந்துவிட்டது. அங்கேயே கையெழுத்துப் போட்டேன். மருமகள் என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஊர் கொண்டாடியது. கடைவீதியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் நிறுத்தி விசாரித்தார்கள். "அண்ணாச்சி, மருமகளைப் படிக்க வைக்கிறவுகளப் பாத்திருக்கோம், கூடவே சேந்து படிக்கிற மாமனார இப்பத்தான் பாக்குறோம்" என்றார் எதிர்க்கடைக்காரர். என் மனைவி மட்டும் வேறு மாதிரி சொன்னாள்: "பேரன் பையத் தூக்கிட்டுப் போறான். தாத்தாவும் பையத் தூக்கிட்டுப் போறாக. ரெண்டு பேத்துக்கும் சோறு கட்டுற என் மருமக எப்படிப் படிக்கப் போறாளோ." அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

வகுப்பில் வங்கியில் வேலை பார்ப்பவர்கள், மருந்து விற்பனைக்காரர்கள், டயர் கடை மேலாளர் ஒருவர் என்று எல்லோரும் என் மகன் வயதுக்காரர்கள். பேராசிரியர் அவர்களைவிடக் கொஞ்சம் பெரியவர், அவ்வளவுதான். கண்ணும் காதும் மட்டு என்று சொல்லி முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். மருமகள் கடைசி பெஞ்சுக்குப் போனாள். அங்கே ஒரு தூண் இருந்தது. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் என் தலை அவளுக்குத் தெரியாது, அவள் முகம் எனக்குத் தெரியாது.

பாடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பேரெல்லாம் புதிது, விஷயம் பழையது. ஒரு நாள் பேராசிரியர், வாங்குபவரிடம் ஏற்படும் சின்ன அசைவு பின்னால் போகப் போக எப்படிப் பெரிதாகிறது என்று பலகையில் வளைந்து வளைந்து கோடு போட்டார். நான் கையைத் தூக்கினேன். பொங்கலுக்கு முன்னால் திருச்சுழியில் நாலு வீட்டுக்காரர்கள் மாட்டுக்குக் கூடுதலாகப் பருத்திக்கொட்டை கேட்டால், சில்லறைக் கடைக்காரன் பத்து வீட்டுக்குச் சேர்த்துச் சொல்வான், அவனை நம்பி நான் ஒரு லாரிக்குச் சொல்வேன், என்னை நம்பி மில்காரன் ராத்திரி ஷிப்ட் ஓட்டுவான், பொங்கல் முடிந்ததும் எல்லோர் குடோனிலும் மூடை தேங்கும், மாடு மட்டும் எப்போதும் தின்கிற அளவுதான் தின்றிருக்கும் என்றேன். வகுப்பே சிரித்தது. பேராசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "இதை நான் அடுத்த பேட்ச்சுக்கும் சொல்லிக்கிறேன் சார்" என்றார்.

அதன்பிறகு எந்தப் பாடமானாலும் என் பக்கம் திரும்பி, "உங்க கடையில இது எப்படி சார்?" என்று கேட்கும் வழக்கம் வந்துவிட்டது. நான் சொல்வேன். விலை வைப்பது, விளம்பரம், கையிருப்பு, எதுவாக இருந்தாலும் என்னிடம் கதை இருந்தது. இடைவேளையில் பையன்கள் எனக்கு டீ வாங்கி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது வயது குறைந்துபோன மாதிரி இருக்கும். மருமகள் முன்பக்கம் பெண்கள் இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவாள். காரியாபட்டி தாண்டி ஒரு பக்கம் முழுக்கக் கருவேலங்காடாக வரும். அவள் அதையே பார்த்துக்கொண்டு வருவாள்.

எழுத்துத் தேர்வில் அவள்தான் முதல். வகுப்பில் பேசுவதற்கு என்று தனியே மதிப்பெண் உண்டு. அதில் அவள் கடைசி. அது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். அவள் பேசாமல் இருப்பது கூச்சத்தால் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நான் இருப்பதால் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பெண், எத்தனை படித்தாலும் மரியாதை தெரிந்தவள் என்று உள்ளுக்குள் மகிழ்ந்துகொண்டேன்.

ஒரு சனிக்கிழமை பங்காளி வீட்டில் ஒரு சாவு, கேதம் கேட்க வேண்டும். நான் திருச்சுழிக்குப் போக வேண்டியதாயிற்று. அவள் மட்டும் மதுரைக்குப் போய் வந்தாள். மறுநாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் பேராசிரியர் எழுந்து வந்தார்.

"சார், நேத்து உங்க மருமகதான் வகுப்பு எடுத்தாங்க."

அவசரத்துக்கு என்று எவ்வளவு சரக்கு கூடுதலாகக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அன்றைய பாடமாம். கணக்கு யாருக்கும் பிடிபடவில்லை. அவள் எழுந்து பலகைக்குப் போயிருக்கிறாள். நரிக்குடிப் பக்கம் தெருக்குழாயில் தண்ணீர் வருவதை வைத்துச் சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தவறாமல் வரும் என்றால் வீட்டில் நாலு குடம் போதும். வருமா வராதா என்று தெரியாவிட்டால் அண்டா, குண்டா, சோறு வடிக்கிற சட்டி முதல் எல்லாவற்றிலும் பிடித்து வைக்க வேண்டும். குடிக்கிற அளவு கூடவில்லை, வீட்டில் ஆள் கூடவில்லை, குழாய் மேல் நம்பிக்கை குறைந்ததால்தான் பாத்திரம் கூடிற்று. கடைக்காரர் கையிருப்பும் அதே கணக்கு என்று சொல்லிவிட்டு, சூத்திரத்தைப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறாள்.

"குரல் கணீர்னு இருந்துச்சு சார்" என்றார் டயர் கடை மேலாளர். "இத்தனை நாளும் எங்க வச்சிருந்தாங்கன்னு தெரியல."

நான் சிரித்தேன். தூண் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சேலை முந்தானை மட்டும் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. என் சொந்தக் கடைக்குள் வேறொருவன் நின்று வியாபாரம் பார்த்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நான் ஒரு வகுப்பையும் தவறவிடவில்லை. காய்ச்சலோடு போனேன். சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவிட்டுப் போனேன். படிப்பின் மேல் ஐயாவுக்கு எவ்வளவு அக்கறை என்று எல்லோரும் மெச்சினார்கள். நான் எதற்காகப் போனேன் என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு ஆய்வு செய்ய வேண்டும். ஒரே ஊர், ஒரே வீடு என்பதால் எங்கள் இருவரையும் சேர்த்துவிட்டார்கள். குதிரைவாலியை எடுத்துக்கொண்டோம். எங்கள் கரிசலில் மானாவாரியாக விளைகிற தானியம். தோல் நீக்கினால் அரிசியாகும். பெரிய ஊர்களில் சர்க்கரை நோய்க்காரர்கள் இப்போது தேடி வாங்குகிறார்கள். ஆனால் கடைக்குப் போன அரிசி பாதி திரும்பி வருகிறது. ஒன்று வண்டு விழுந்திருக்கும், இல்லாவிட்டால் பழைய எண்ணெய் மாதிரி சிக்கு வாடை அடிக்கும். வண்டி வாடகையைக் குறைத்தால் சரியாகும், வேகமாகப் போனால் சரியாகும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் ஊருக்குப் போகிற சாக்கில் நரிக்குடிப் பக்கத்து விவசாயிகளிடமும், தோல் நீக்கும் மில்லிலும் பேசிவிட்டு வந்தாள். கோளாறு வண்டியில் இல்லை என்று கண்டுபிடித்தது அவள்தான். தோலோடு இருக்கிற வரை குதிரைவாலி வருடக்கணக்கில் கெடாது. தோலை எடுத்த அன்றிலிருந்து கெட ஆரம்பிக்கிறது. நாங்கள் எல்லோரும் அறுவடை ஆனதும் மொத்தமாகத் தோல் நீக்கி, அரிசியாக்கி, குடோனில் அடுக்கி, பிறகு விற்கிறோம். அவள் சொன்னது வேறு. தானியத்தைத் தோலோடு இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும், எந்த ஊரிலிருந்து எவ்வளவு கேட்கிறார்களோ அந்த வாரம் அந்த அளவு மட்டும் தோல் நீக்கி அனுப்ப வேண்டும். இவ்வளவுதான். பரம்பரையாக இந்தத் தானியத்தை வாங்கி விற்கிற எனக்கு இது தோன்றவே இல்லை. அவள் இதைத் தன் மாமியாரிடம் விளக்கியதை நான் கூடத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

ஆய்வைச் சொல்கிற நாளில் மதுரையில் சிறுதானியம் பாக்கெட் போட்டு விற்கிற ஒரு கம்பெனியிலிருந்து ஆட்கள் வருவார்கள், விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்துக் கொள்முதலைப் பார்த்துக்கொள்ள நம் வகுப்பிலிருந்தே ஒருவரை எடுத்துக்கொள்வார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். என் மருமகள் அந்த வேலைக்காகவே பிறந்தவள் மாதிரி இருந்தாள். அவளுக்கும் அது தெரிந்திருந்தது.

முந்தைய வாரம் முழுக்க அடுப்படிக் கதவு சாத்தியே இருந்தது. "ஒங்க மருமக உள்ள இங்கிலீஷ்ல பேசுறா" என்றாள் என் மனைவி. "நான் போனா என்னையவே எதிர நிக்க வச்சுக் கேள்வி கேக்கச் சொல்றா. எனக்கு என்ன தெரியும்? கொழம்புல உப்பு போட்டியான்னு கேட்டேன். அதுக்கும் இங்கிலீஷ்ல பதில் சொல்றா."

அடுப்படிக்குள் இருவரும் சிரித்தது எனக்கும் கேட்டிருந்தது. முதல் பாதி நான், ஊரையும் வியாபாரத்தையும் சொல்வது. இரண்டாம் பாதி அவள், யோசனையைச் சொல்வது. இப்படித்தான் பேசி வைத்திருந்தோம். மனைவி வழியாக.

அன்று நான் என் பாதியை நன்றாகவே சொன்னேன். கம்பெனியிலிருந்து வந்தவர்களில் ஒரு நடுத்தர வயதுப் பெண் இருந்தார். அவர்தான் முடிவு செய்கிறவர் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. அவர் சிரித்தார், தலையாட்டினார், குறித்துக்கொண்டார். திரையில் அடுத்த படம் வந்தது. அது அவள் இடம். மருமகள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

நான் நிறுத்தவில்லை.

ஏன் என்று பல நாள் யோசித்துவிட்டேன். அவள் தடுமாறிவிட்டால் குடும்பத்துக்கு அவமானம், நாமே சொல்லி முடித்துவிடலாம் என்று அந்த நேரத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. எதிரில் இருப்பவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்த ருசி விடவில்லை. உண்மை அவ்வளவுதான். தோலோடு வைப்பதைச் சொன்னேன். கேட்கும்போது மட்டும் தோல் நீக்குவதைச் சொன்னேன். கூடுதல் கையிருப்பு எவ்வளவு வேண்டும் என்று ஒருவர் கேட்டபோது, நரிக்குடித் தெருக்குழாயையும் குடங்களையும் சொன்னேன். வகுப்பில் அதை ஏற்கனவே கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் எடுத்து வைத்த எட்டைப் பின்னால் வைத்து, கம்ப்யூட்டர் பக்கம் போய், நான் சொல்லச் சொல்லப் படத்தை மாற்றிக்கொண்டிருந்தாள்.

முடித்ததும் கைதட்டினார்கள். கம்பெனிக்காரப் பெண், "மேடம் ஒண்ணுமே பேசலையே?" என்றார்.

"அவுகளுக்குக் கூச்சம். எங்க வீட்டுப் பழக்கம் அப்படி" என்றேன் நான்.

அவர் என்னை விட்டுவிட்டு நேராக அவளிடமே கேட்டார். "நல்ல யோசனைம்மா. இது யாருக்குத் தோணுச்சு?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

"மாமா சொன்னதுதான்" என்றாள்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். பேசுவதற்கு எனக்கு என்றைக்கும் யோசனை தேவைப்பட்டதில்லை. அன்று பேசாமல் நின்றேன்.

அந்த வேலை எங்கள் வகுப்பில் வங்கி உத்தியோகத்தில் இருந்த ஒரு பையனுக்குப் போயிற்று. எனக்கு வயதாகிவிட்டது, அவளுக்குப் பேச வராது. அவர்கள் வேறென்ன செய்வார்கள்? நல்ல பையன்தான். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலையில் நான் சட்டை மாட்டிக்கொண்டு நின்றேன். அவள் கிளம்பவில்லை. இன்னும் ஒரு பருவத் தேர்வு பாக்கி இருந்தது.

"தலவலியாம்" என்றாள் என் மனைவி. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு வாரமா அது தலவலின்னுதான் சொல்லுது. அங்க என்ன செஞ்சீக?" என்றாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் நின்றாள். "எத்தனை நாளு அது என்னைய நிக்க வச்சுப் பேசிப் பாத்துச்சு தெரியுமா? ஒங்களுக்குக் கைதட்டு கெடைக்காமத்தான் இருந்துச்சா இத்தனை வருசம்?"

மருமகளைக் கூடத்துக்கு வரச் சொன்னேன். வந்தாள். உட்காரச் சொன்னேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கோவமா ஆத்தா?"

"கோவம் இல்ல மாமா." நேராக என்னிடம் பேசினாள். மெதுவாகத்தான், ஆனால் என்னிடம். "நீங்க இருக்கிற எடத்துல எனக்கு வாயி வரமாட்டேங்குது. வரணும்னுதான் பாக்குறேன். அன்னைக்கு அந்த அம்மா கேட்டாகள்ல, எனக்குத்தான் தோணுச்சுன்னு சொல்ல நெனச்சேன். வாயத் தொறந்தா மாமான்னு வந்துருச்சு. வீட்ல இது எனக்குக் கஷ்டமா இல்ல. அங்கயும் அப்படியே ஆகிப்போச்சு."

"சரி, நான் இனிமே பேசல. நீ முன்னால உக்காரு. நான் கடைசி பெஞ்சுல வாய மூடிக்கிட்டு உக்காந்துக்கிறேன்" என்றேன். பெரிய தியாகம் செய்வதாக நினைப்பு.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஒங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நான் எப்படி மாமா உக்கார்றது?"

அப்படியும் நான் விடவில்லை. அதற்கு அடுத்த வாரம் இருவரும் போனோம். நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை. பேராசிரியர் ஒவ்வொரு கேள்விக்கும் என்னைப் பார்ப்பார், நான் புத்தகத்தைப் பார்ப்பேன், அவர் தூணைப் பார்ப்பார். இடைவேளையில் பையன்கள் எனக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று கேட்டார்கள். நான் பேசுவது மட்டும் அவளைத் தடுக்கவில்லை, நான் அந்த அறையில் இருப்பதே தடுக்கிறது என்பது தெரிந்தே இருந்தும் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அன்று மதியமே பேராசிரியர் அறைக்குப் போனேன். படிப்பை விடுகிறேன் என்றேன். குதிரைவாலி யோசனையும் தண்ணீர்க் குடமும் அவளுடையவை, நான் எடுத்துக்கொண்டேன், கம்பெனியில் இதைச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

அவர் எனக்கு எதிர் நாற்காலியைக் காட்டினார். "நீங்க வராத அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுது சார். நான் சொல்லியிருக்கணும். நீங்க இருந்தா வகுப்பு கலகலன்னு இருக்கும், அதான் விட்டுட்டேன்" என்றார். என் எதிரிலேயே கம்பெனிக்குப் போன் செய்தார். அந்தப் பையன் வேலையில் சேர்ந்தாயிற்று, இன்னொரு இடம் இல்லை என்று பதில் வந்தது.

வீட்டுக்கு வந்து மகனிடம், "இனிமே அவ தனியாப் போய்ட்டு வருவா" என்றேன்.

"ஊரு என்னப்பா சொல்லும்?"

"நான் கூடப் போனப்ப ஊரு நல்லாத்தான் சொல்லுச்சு. ஊருக்கு என்னலே தெரியும்?"

மீதியை அவள் தனியாகப் போய் முடித்தாள். தூணுக்குப் பின்னால் உட்கார்வதை விட்டுவிட்டாள் என்று பேராசிரியர் ஒரு முறை போனில் சொன்னார். நான் பட்டம் வாங்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. படித்த மட்டும் நன்றாகப் படித்தேன். இன்று யாராவது என்னிடம் சப்ளை செயின் என்றால் என்ன என்று கேட்டால் பேராசிரியரைவிடத் தெளிவாகச் சொல்வேன்.

அவளுக்கு வேறொரு சிறிய நிறுவனத்தில் கொள்முதல் வேலை கிடைத்தது. முதல் கம்பெனியோடு ஒப்பிட முடியாது. அங்கே கார் கொடுத்திருப்பார்கள். இங்கே பஸ்ஸில் போகிறாள். அந்தப் பையன் இப்போது கோயம்புத்தூரில் அவர்களுக்கே பெரிய பொறுப்பில் இருக்கிறான். அந்த இடத்தில் அவள் இருந்திருப்பாள். அவள் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் அவளிடம் மன்னிப்பு என்ற சொல்லைச் சொன்னதில்லை. மாமனார் அப்படிக் கேட்டால் அவள்தான் கூசிப் போவாள் என்று எண்ணிக்கொண்டேன். இதுவும் சாக்குத்தானோ என்னவோ.

போன மாசியில் எங்கள் கடையிலிருந்து அவள் நிறுவனத்துக்கு ஒரு லோடு குதிரைவாலி பேசியிருந்தார்கள். மகன் பேசியது. காலையில் லாரி வந்து நின்று பாதி ஏற்றியாயிற்று. நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். அவள் பஸ்ஸில் வந்து இறங்கி, கழுத்தில் அடையாள அட்டையோடு நேராகக் குடோனுக்குப் போனாள். முன்வரிசை மூடைகளை அவள் தொடவே இல்லை. நடுவில் இருந்த ஒன்றைப் பிரிக்கச் சொல்லி, கையை உள்ளே விட்டு அள்ளி, நாலு மணியை வாயில் போட்டுக் கடித்தாள். இன்னொரு மூடை. இன்னொன்று. தையில் எதிர்பாராமல் பெய்த மழை அந்தச் சரக்கில் இருந்தது. எனக்கும் தெரியும். காற்றாடினால் சரியாகிவிடும் என்று விட்டிருந்தோம்.

"இந்த லோடு வேணாம்" என்றாள்.

மகன் திகைத்து என்னைப் பார்த்தான். லோடுமேன்கள் மூடையைத் தோளில் வைத்தபடி நின்றுவிட்டார்கள். நான் எழுந்து போனேன்.

"நம்ம வீட்டுச் சரக்கு ஆத்தா."

"அதான் மாமா நானே வந்தேன். நடுவுல இருக்கிறது பூராம் ஈரம். கடிச்சா சத்தமே வரல. இத அங்க கொண்டுபோய்த் தோலெடுத்தா ஒரு வாரத்துல வாடை வந்துரும்." குரல் குடோன் கடைசி வரை கேட்டது. வாசலில் நின்ற எதிர்க்கடைக்காரர் உட்பட எல்லோருக்கும் கேட்டது. "வேற ஆளு வந்திருந்தா ஏத்திட்டுப் போய் அங்கயிருந்து திருப்பிவிடுவாக. வண்டி வாடகை ஒங்க தலையில விழும். அது தேவையா?"

எனக்கு முதலில் சுருக்கென்று கோபம்தான் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். கடையில், ஆட்கள் முன்னால், என் முகத்துக்கு நேராக. வாய் வரை வந்தது. அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை, பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள். இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டேன். பெரிய காரியம் ஒன்றுமில்லை, ஆனால் என்னால் அதற்கு முன் முடியாதது.

"என்ன மொதலாளி, மருமகளே தள்ளிட்டாகளா?" என்றான் மூத்த லோடுமேன்.

"வாங்க வந்தவுக வேணாங்குறாக. எறக்குங்கப்பா" என்றேன்.

"நாலு நாளு நல்லாக் காயப்போட்டுட்டுச் சொல்லுங்க மாமா. மறுபடி வந்து பாக்குறேன்" என்றாள். அடுத்து எங்கேயோ போக வேண்டும் என்று மணியைப் பார்த்தாள்.

நான் மகனிடம் மொட்டை மாடியில் தார்ப்பாயை விரிக்கச் சொன்னேன்.